ஆறு புள்ளி

காலை ஆறு ஐம்பதுக்கு டூகலின் கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

ஹாரன் அடிக்கவில்லை. எப்போதும் அடிப்பான். தெருவே எழுந்துவிடும்.

அன்று ஆன்சாக் தினம், போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்களுக்கான விடுமுறை. டூகல், அவன் மனைவி கொரின், நண்பன் நெவில் மூன்று பேரும் போர் நினைவுத்தூணில் விடியல் அஞ்சலி முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். டூகலின் கோட்டில், வலது பக்கம், அவன் தாத்தாவின் பதக்கங்கள் தொங்கின. கொரினின் சட்டையில் நினைவு அடையாளமாக ரோஸ்மேரி இணுக்கு.

கொரின் இறங்கி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள்.

"நானே வெச்சுடறேன்."

"குடுன்னா குடு. உனக்கு எதுக்கு சிரமம்?"

இருபது வருடமாக அவளைத் தெரியும். என் பையை அவள் தூக்கியதில்லை.

பின்சீட்டில் நெவில் வலது ஓரம் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். பிளம்பர். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம் வரும். அந்த ஜன்னல் எப்போதும் அவனுக்குத்தான். முட்டி வலியைச் சொல்லியே பிடித்து வைத்திருந்த இடம்.

"கடல் பக்கம் நீ உக்காரு" என்றான்.

"உன் முட்டி?"

"அது கெடக்கு."

ஏறினேன். கொரின் கதவைச் சாத்தினாள்.

அந்தக் காரின் பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. பேரனுக்காகப் போட்ட பூட்டு. பேரன் கான்பெராவுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. பூட்டை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. நிற்கும் இடங்களில் முன்னால் இருக்கிறவர்கள் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். "கைதிகளுக்கு ஒண்ணுக்கு வருதா?" என்று டூகல் கேட்பான். பழைய ஜோக்.

எங்கள் ஊர் கயாமாவிலிருந்து தெற்கே கடலோரமாகப் போவது வழக்கம். நீண்ட விடுமுறை எது வந்தாலும் போவோம். அவசரம் இருக்காது. காலை ஒரு கடற்கரை, மதியம் இன்னொன்று. இரவு ஏதாவது கேரவன் பார்க்கில் ஒரு கேபின். டூகல் மீன் வறுப்பான். கொரின் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். எனக்குக் குடும்பம் என்று இருந்தது அப்பா மட்டும்தான். அவரும் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு இந்தக் கார்தான்.

பெர்ரி ஊரைத் தாண்டும்வரை நெவில் என்னை ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. அந்த வாரம் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தேன். சரியாக வரவில்லை. அவன் கண்ணில் படாமல் இருக்காது.

"முடி நல்லா இருக்கு" என்றான்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கடைகள் பகல் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கும். ஊர்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கொரின் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். முதல் கோப்பை எனக்கு வந்தது. ஓட்ஸ் பிஸ்கட் டப்பா அடுத்து வந்தது. கருகாததாகப் பார்த்து எடுத்து நீட்டினாள்.

"எல்லாரும் ஏன் இப்படி இருக்கீங்க?" என்றேன்.

"எப்படி?"

"டாக்டர் கைவிட்ட ஆளைப் பாக்க வந்த மாதிரி."

டூகல் மட்டும் சிரித்தான். அதுவும் பாதியில் நின்றது.

உல்லடுல்லா தாண்டி சாலை இறங்கும் இடத்தில் அவன் வேகத்தைக் குறைத்தான். அறுபது. பிறகு ஐம்பத்தெட்டு. பின்னால் வந்த வண்டி ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் சட்டை செய்யவில்லை. மூவரும் சாலையோரப் புல்லைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

"ஈஸ்டருக்கு இங்கதான் நின்னுச்சு" என்றான் நெவில்.

"எது?"

"கேமரா வண்டி."

கொரின் முன்பெட்டியைத் திறந்தாள். உறையொன்றைத் தோளுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"படிச்சுப் பாரு, மெரின்."

ஈஸ்டர் சனிக்கிழமை, மாலை நாலு இருபது. அறுபதில் போக வேண்டிய இடத்தில் எழுபத்தாறு. விடுமுறை நாள் என்பதால் லைசென்ஸில் கழிக்கும் புள்ளி இரட்டிப்பு. மூன்று ஆறாகியிருந்தது. கூடவே காரின் படம். பின்பக்கம் மட்டும். அதற்குள் இதே பின்சீட்டில் நான் இருந்தேன்.

"நான் தூங்கிட்டிருந்தேன்."

"தெரியும். குறட்டை விட்டே" என்றான் நெவில். சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

லைசென்ஸ் ஒன்றுக்குப் பதிமூன்று புள்ளி. எல்லாம் போனால் லைசென்ஸ் போகும். மூன்று வருடம் கழிந்தால்தான் போனது திரும்பும். டூகலுக்கு ஏற்கெனவே ஒன்பது போயிருந்தது. அவன் குளிர்பெட்டி லாரி ஓட்டுகிறவன். நரூமாவிலிருந்து சிட்னிக்குச் சிப்பி ஏற்றிப் போவான். வாரத்தில் மூன்று நடை.

"மூணு மாசம் பிடுங்கிடுவாங்க" என்றாள் கொரின். "மூணு மாசம் யாரு வேலையை வெச்சிருப்பாங்க? கியூவுல நிக்கிறானுங்க சின்னப் பசங்க."

"ம்."

"படத்துல யார் தலையும் தெரியல. ஓட்டினது வேற ஆள்னா, அந்த ஆள் சத்தியக் காகிதம் எழுதிக் குடுத்தாப் போதும். திங்கக்கிழமைக்குள்ள."

சொல்லி முடித்துவிட்டாள்.

"நெவில்?" என்றேன்.

"எனக்கு மூணுதான் மிச்சம். போன்ல பேசிட்டே ஓட்டினேன்னு அள்ளிட்டாங்க. கொரினுக்கு அஞ்சு. ஆறு வேணும்." அவன் தன் முட்டியைத் தடவினான். "உனக்குப் பதிமூணும் அப்படியே இருக்கு. என்ன பண்ணப் போறே அதை வெச்சுக்கிட்டு? ஊறுகாய் போடவா?"

"நான் ஜே.பி., நெவில்."

"அதான் இன்னும் நல்லது. உன்னை யாரு சந்தேகப்படுவாங்க?"

சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். சத்தியக் காகிதங்களோடு வருவார்கள். வந்தவரின் முகத்தையும் அட்டையையும் பார்த்து, அவர் என் முன்னால் கையெழுத்துப் போட்ட பிறகு, சாட்சியாக நானும் போட்டு முத்திரை குத்த வேண்டும். அதுதான் ஜே.பி. வேலை. சம்பளம் கிடையாது. வார நாட்களில் கவுன்சில் அலுவலக முகப்பிலும் நான் செய்வது பெரும்பாலும் அதுதான். பொய்ச் சத்தியத்துக்குச் சிறை என்று அந்தக் காகிதத்தின் கீழேயே அச்சடித்திருக்கும். நான் பொய் எழுதியது தெரிந்தால் முத்திரை போகும், கவுன்சில் மேசை போகும். மிச்சத்தை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

"முடியாது" என்றேன்.

கொரின் ரேடியோவைப் போட்டாள். நான் காகிதத்தைப் புரட்டினேன். ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் பென்சிலால் எழுதியிருந்தது. பிறந்த தேதி, முகவரி, லைசென்ஸ் எண் எல்லாம்.

"என் லைசென்ஸ் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"போன கோடையில படகு வாடகைக்கு எடுத்தப்போ எழுதினது. போன்ல இருந்துச்சு."

"பென்சில்தான்" என்றான் நெவில். "அழிச்சுடலாம்."

ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் நெருக்கமாக வந்தன. கடல் தெரியவில்லை. கையைக் கதவுப் பிடியில் வைத்தேன். இழுத்தால் அது வெறுமனே ஆடும். தெரிந்தேதான் இழுத்தேன்.

பேட்மன்ஸ் பே ஊரில் ஆற்றங்கரையோரம் நிறுத்தினார்கள். டூகல் வந்து என் பக்கக் கதவைத் திறந்தான். கைதி ஜோக்கைச் சொல்லவில்லை. ஒதுங்கி நின்றான்.

நான் கழிப்பறைப் பக்கம் போய், அதைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். அட்டவணை கண்ணாடிக்குள் இருந்தது. பொது விடுமுறை நாளில் வடக்கே போவது ஒன்றே ஒன்று. அது காலை எட்டுக்கே போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே மீன் வறுவல் கடை, மூடியிருந்தது. அதன் மேல் ஒரு பெலிகன் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நெவில் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பஸ் இல்லியா?"

"இல்ல."

"நான் வேணா நாலு மணி நேரம் உன்னை முதுகுல தூக்கிட்டுப் போறேன்."

"பேசாம இரு, நெவில்."

இருந்தான். ஆனால் கொஞ்ச நேரம்தான்.

"மூணு வருஷம் முன்னாடி இதே டூகலுக்காக நான் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"ம்."

"உன் வீட்டுப் பின்பக்கம். நீ சாஸேஜ் புரட்டிட்டிருந்தே. காகிதத்தை நீட்டினேன். இடுக்கியைக் கீழகூட வைக்கல. இடது கையால முத்திரையைக் குத்தினே."

"நீ என் முன்னாடிதானே கையெழுத்துப் போட்டே?"

"போட்டேன். அதுல நான் ஓட்டினதாச் சொன்ன தேதி என்ன?"

நான் பெலிகனைப் பார்த்தேன்.

"ஆகஸ்ட் பதினாலு. அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

ஆஸ்பத்திரியில் இருந்தான். முட்டி அறுவை முடிந்த மறுநாள். காலைத் தூக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். நான் திராட்சை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவன் வலி மருந்தில் நர்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையை நான்தான் சொல்லிச் சிரிப்பேன்.

தேதியை அன்றே பார்த்தேன். பார்க்காமல் நான் முத்திரை குத்துவதில்லை. புகை கண்ணில் அடித்தது. சாஸேஜ் கருகிக்கொண்டிருந்தது. அவர்கள் மூவரும் பீரோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குத்திவிட்டேன்.

"மிரட்டறியா?" என்றேன்.

"சேச்சே." அவன் உண்மையாகவே பதறினான். "நான் ஏன் போய்ச் சொல்றேன்? நானும்தானே உள்ள போவேன்? நான் சொல்ல வந்தது வேற. நீ ஏற்கெனவே எங்களோடதான் இருக்கே. புதுசா ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

மிரட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுபடி ஏறினோம். கொரின் கதவைச் சாத்தினாள். ஊரைத் தாண்டி, மலூவா பே கடற்கரைக்குப் பிரியும் இடம் வந்தது. அங்கே மரங்களின் அடிப்பகுதி இன்னும் கரி. மேலே ரோமம் முளைத்த மாதிரிப் புது இலைகள்.

சில வருடம் முன்பு கோடையில் காட்டுத்தீ வந்தபோது நானும் அப்பாவும் அங்கே கடற்கரையில் இரண்டு இரவு இருந்தோம். போர்வையைக் கடல்நீரில் நனைத்து அப்பாவின் தலைமேல் போட்டிருந்தேன். சாலையைத் திறந்த முதல் மணி நேரத்தில் டூகல் சிப்பி லாரியோடு வந்தான். காலி லாரி. அப்பாவைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தான். குளிர்பெட்டிக்குள் உட்காரவைத்து, கதவைத் திறந்தே வைத்து, மெதுவாக ஓட்டினான். வழி முழுக்க நிறுத்தி நிறுத்தி வந்து அப்பாவைப் பார்த்தான்.

அதைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தத் தீ சமயத்துல டூகல்..." என்று கொரின் ஆரம்பித்தாள்.

"கொரின்."

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அதைப் பேசாதே." அவன் குரலை உயர்த்தவில்லை. "அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. இறங்கிடுவேன் நான்."

கண்ணாடியில் அவன் கண்கள் என்னைத் தேடின. நான் மரங்களைப் பார்த்தேன். அவன் கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.

நரூமாவில் ஒரு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளப் வாசலில் போய் நின்றோம். ஏற்கெனவே கூட்டம். பதக்கம் போட்டவர்கள், பதக்கம் போட்ட பேரப்பிள்ளைகள். கதவு திறந்ததும் உள்ளே ஒரு பக்கம் காசு சுண்டும் ஆட்டம் தொடங்கிவிட்டது. வருடத்தில் இப்படிச் சில நாள்தான் அதற்கு அனுமதி. இரண்டு நாணயம் மேலே போகும்போதெல்லாம் அறை கத்தியது.

மூலையில் ஒரு மேசை கிடைத்தது. முதல் சுற்று பீர் கொரின் வாங்கினாள். டூகலுக்கு எலுமிச்சை சோடா. இரண்டாம் சுற்று டூகல். மூன்றாவது நெவில். எனக்குக் குடிக்க மனமில்லை. முன்னால் மூன்று கிளாஸ் நுரை அடங்கிக் கிடந்தது. ஆனாலும் என் முறை வந்ததும் எழுந்தேன். நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு சுற்று. தன் சுற்றுக்கு முன்னால் நழுவுகிறவனைப் பற்றி எங்கள் ஊரில் அவன் சாகும்வரை பேசுவார்கள். செத்த பிறகும் பேசுவார்கள். கயாமாவில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் இறுதிச் சடங்கில் பாதிரியாரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

கிளாஸ்களோடு திரும்பினேன்.

"பாத்தியா?" என்றான் நெவில். "கேக்காமலே போய் வாங்கிட்டு வந்தா. அதான் மெரின்."

"சும்மா இருடா" என்றான் டூகல்.

"இல்ல, மச்சான், சொல்லிடறேன். கொரின் ஒரு தடவை போட்டா. நான் ஒரு தடவை போட்டேன். யாரும் யாரையும் கெஞ்சல. இது சுற்று. இப்ப அவளோடது. அவ்வளவுதான் விஷயம்."

"அவளுக்கு வேலை போயிடும்."

"தெரிஞ்சாத்தானே போகும்? யாரு சொல்லப் போறா? நீயா? நானா? அந்தச் சிப்பியா?"

டூகல் கிளாஸை மேசையில் சுற்றிக்கொண்டிருந்தான். பெரிய கைகள். சிப்பி ஓடு கீறிய வெள்ளைக் கோடுகள்.

"மெரின், நீ போட வேண்டாம்" என்றான். "நான் வேற ஏதாவது பாத்துக்கறேன். அம்பத்து மூணு வயசுல என்ன, ரோட்டுல மோர்க்குழம்பா விக்கப் போறேன்... எதாவது கெடைக்கும்."

இல்லை. அவன் சொன்னது மோர்க்குழம்பு இல்லை, மீட் பை, கறி அடைத்த பலகாரம். இந்தக் கதையை நம் தமிழ் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி அப்படி வந்துவிட்டது. குரலில் இருந்தது மட்டும் மாறவில்லை. அவன் அழாமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொரின் அவன் முதுகில் கை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இருபது வருடப் பழக்கம். காகிதம் என்றால் முறை என்ன என்றுதான் என் மூளை போகும். தப்பிக்க ஒரு வழி என்றும் நினைத்தேன்.

"எனக்கு யாரு சாட்சி போடுவா? என் சத்தியத்துக்கு நானே போட முடியாது. நூலகம், ஆபீஸ் எதுவும் இன்னைக்குத் திறக்காது. திங்கக்கிழமைக்குள்ள ஜே.பி.க்கு எங்க போவீங்க?"

மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"ஐரிஸ்" என்றாள் கொரின்.

"எந்த ஐரிஸ்?"

"உன் ஐரிஸ்தான். உன்கூட நூலகத்துல உக்காந்தவங்க. பெர்மகுயிலதானே இருக்காங்க இப்போ? நேத்தே போன் பண்ணிட்டேன். மூணு மணிக்கு வரச் சொன்னாங்க. ஸ்கோன் சுட்டு வெக்கறாங்களாம்."

"நேத்தே."

"நீ கேப்பேன்னு தெரியும்" என்றாள் கொரின். முதல்முறையாக அன்று என் கண்ணைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "ரொம்ப தேங்க்ஸ், மெரின்."

நான் முறையைப் பற்றித்தான் கேட்டேன். அது சம்மதமாகிவிட்டது. நெவில் எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டான்.

"இந்த முடி கேவலமா இருக்கு" என்றான். "காலையிலேர்ந்து சொல்லணும்னு துடிச்சிட்டிருந்தேன். புல்வெட்டற மெஷின்ல வெட்டினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்து அறையில் நாணயம் மேலே போனது.

நரூமாவிலிருந்து பெர்மகுயி அரை மணி நேரம். கடலோரச் சாலை. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். மரப்பாலங்கள். டூகல் ஜன்னலை இறக்கிவிட்டான். கொரின் பாட்டுப் போட்டாள். நெவில் தப்பாகப் பாடினான். என்னையும் பாடச் சொன்னார்கள். பாடினேன். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு நண்பர்கள் விடுமுறைக்குப் போகிறார்கள். எதிரே வந்த ஒரு வேனில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம்.

ஐரிஸின் வீடு துறைமுகத்துக்கு மேலே, சரிவில். கார் நின்றது. டூகல் வந்து என் கதவைத் திறந்தான். கேட்வரை கூட நடந்தான். பதக்கங்கள் கிணுகிணுத்தன. அவற்றைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"நான் சொன்னது சும்மா சொன்னதில்ல" என்றான். "வேண்டாம்னா இப்பவே காருக்குப் போயிடலாம். நீ போட்டாலும் போடலைன்னாலும் ராத்திரி மீன் நான்தான் வறுக்கறேன்."

"தெரியும்."

"நெவிலை நான் சமாளிச்சுக்கறேன்."

"தெரியும், டூகல்."

அவன் கேட்டைத் திறந்து பிடித்தான். நான் உள்ளே போனேன். அவன் பின்னால் சாத்தினான்.

ஐரிஸ் எழுபத்திரண்டு வயது. நூலகத்தில் ஒன்பது வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, நகர்த்தி நிறுத்திப் பார்த்தார்.

"முடியை என்ன பண்ணினே?"

"வெட்டினேன்."

"யாரை?"

சமையலறை மேசையில் ஸ்கோன் தட்டு, ஜாம், க்ரீம், இரண்டு கோப்பை. ஓரத்தில் அவருடைய முத்திரை, நீலப் பேனா, கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. சாட்சி போடும் ஒவ்வொரு காகிதத்தையும் அதில் எழுதி வைப்பார். நாள், பெயர், என்ன காகிதம், என்ன பேசினார்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வழக்கம். ஒன்பது வருடத்தில் ஒருமுறை அந்த நோட்டு நீதிமன்றம்வரை போய்வந்தது. ஒரு வரியும் பொய்யில்லை என்று நிரூபணமானது. அதற்குப் பிறகு அவருக்கு அதன்மேல் இன்னும் பிடிப்பு.

ஜன்னல் வழியாகக் கார் தெரிந்தது. நெவில் உள்ளே மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். கொரின் வேண்டுமென்றே திறக்காமல் வெளியே நின்று சிரித்தாள். டூகல் கேட்டிலேயே நின்றிருந்தான். வீட்டைப் பார்க்காமல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காட்டு" என்றார் ஐரிஸ்.

காகிதத்தை மேசையில் வைத்தேன். பென்சில் எழுத்தின்மேல் வழியில் கொரின் பேனாவால் எழுதியிருந்தாள். கையெழுத்து இடம் மட்டும் காலி. ஐரிஸ் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மெதுவாகப் படிப்பார். விரல் வரிகளின்மேல் போனது.

"நீ எழுபத்தாறுல போனியா?" என்றார். "நூலகத்துக்கு வரும்போது உன்னைச் சைக்கிள்காரன் முந்திட்டுப் போவான்."

நான் சிரிக்க முயன்றேன். வரவில்லை.

"ஐரிஸ், நான் ஓட்டல."

அவர் விரல் நின்றது.

"டூகல்தான் ஓட்டினான். நான் பின்னாடி தூங்கிட்டிருந்தேன். காலையில ஒரு தடவை முடியாதுன்னேன், அப்புறம் சொல்ல முடியல. இப்பவும் உங்ககிட்டத்தான் சொல்றேன், அவங்ககிட்ட இல்ல."

"சரி" என்றார். "அப்போ இது நடக்காது. இதைக் கிழிச்சுப் போடு. ஸ்கோன் சாப்பிடு. ஐரிஸ் போட மாட்டேன்னுட்டாங்கன்னு போய்ச் சொல்லு. என்னைத் திட்டட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவ்வளவு சுலபமாக இருந்தது. கோப்பையில் தேநீர் ஊற்றினார். என் பக்கம் நகர்த்தினார். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போயிருக்கலாம்.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

"என்ன?"

"மூணு வருஷம் முன்னாடி. நெவிலோட காகிதம். அதுவும் டூகலுக்காகத்தான். அன்னைக்கு நெவில் ஆஸ்பத்திரியில படுத்திருந்தான். எனக்குத் தெரியும். நானே போய்ப் பாத்திருக்கேன். தெரிஞ்சும் முத்திரை குத்தினேன். அதனாலதான் அவங்க என்கிட்ட கேக்கறாங்க. நாளைக்கும் கேப்பாங்க. நான் அதைச் சொல்லாத வரைக்கும் கேட்டுட்டே இருப்பாங்க."

ஐரிஸ் தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். கறுப்பு நோட்டைத் தன் முன்னால் இழுத்து, மூடியிருந்த அட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெளியே டூகல் முதல்முறையாக வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"இது இன்னும் மூடித்தான் இருக்கு, மெரின்" என்றார். "திறந்தா நீ சொன்னது அத்தனையும் எழுதுவேன், நெவில் பேரு, டூகல் பேரு, உன் பேரு. திறக்கட்டுமா?"